பாக்கி இருக்கும் எலுமிச்சம்பழச் சண்டை

அக்கா,

இன்று காலை பட்டறைக்குள் கால் வைத்ததும் வேப்பமரத் தூள் வாசமும் எலுமிச்சம்பழ வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. வாசலிலேயே நின்றுவிட்டேன். பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வந்து போகும் செல்வி எனக்கு முன்பே வந்து, நேற்று இறங்கிய புது டிரில் மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அதன் காலடியில் ஒரு பழத்தை நறுக்கி வைத்திருந்தாள். "புது மெஷினுல்லக்கா. சும்மா ஓட்டக் கூடாதுல்ல" என்றாள்.

என் வாய் உங்களுக்குத் தெரியும். நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். "மெஷினுக்கு வச்சது சரி. வண்டிக்கு மட்டும் வச்சிராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வண்டிக்கு ஏன் வைக்கக் கூடாது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலை முழுவதும் உங்கள் கதைதான் ஓடியிருக்கும். அவளிடம் சொல்லாததை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வீட்டுக்கு நீங்கள் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூத்த மருமகளாக வந்தீர்கள். பல வருடம் கழித்து இளைய மருமகளாக நான் வந்தேன். அண்ணனும் தம்பியும் பஜாரில் இரும்புச் சாமான் கடை பார்த்தார்கள், நாம் இருவரும் அடுப்படி பார்த்தோம். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒடிந்த ஏணியும் துருப்பிடித்த கம்பியும்தான் கிடந்தன. யாரோ வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்த டிரில் மெஷின் ஒன்றை என் வீட்டுக்காரர் அங்கே போட்டுவைத்தார். நான் சும்மா இருக்க முடியாமல் அதை ஓட்டிப் பழகினேன். நீங்கள் அரிசி களைந்த கையோடு வந்து நின்று பார்ப்பீர்கள். ஒரு நாள், "நான் ஒரு ஓட்ட போடட்டுமா?" என்று கேட்டீர்கள். அப்புறம் உங்களை அந்த மெஷினிலிருந்து பிரிப்பது பெரும்பாடாகிவிட்டது.

திருவிழாக் கடைகளுக்கென்று மர வண்டி செய்ய ஆரம்பித்தோம். அதில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கிற மதுரைக்காரர் கடை தேடி வந்தார். பிள்ளைகள் தாங்களே சக்கரம் மாட்டி, பெயிண்ட் அடித்து, சாய்வுப் பலகையில் விட்டுப் பந்தயம் வைக்கிற கார் வேண்டும் என்றார். தள்ளக் கூடாது, சாவி கொடுக்கக் கூடாது, மேலே இருந்து கையை எடுத்தால் தானாக இறங்கி நேராக ஓட வேண்டும். நம் வண்டியைத் தரையில் விட்டுப் பார்த்தார். அது கொஞ்ச தூரம் போய் வலது பக்கம் திரும்பிச் சுவரில் முட்டியது. "பாக்க நல்லா இருக்குங்க. ஆனா பந்தயத்துக்கு ஆகாது. நேரா ஓடலைன்னா பிள்ளைங்க அழுதுரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நேராக ஓடுகிற ஒரு வண்டியைக் காட்டினால் ஆர்டர் தருகிறேன் என்றும் சொல்லியிருந்தார்.

அச்சுக் கம்பி போகிற துளையில்தான் எல்லாம் இருக்கிறது என்பது நமக்கு அப்புறம்தான் விளங்கியது. நான்கு விரல் அகலக் கட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் துளைக்க வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். ஒரு அரிசி அளவு கோணினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வேப்பங்கட்டையோ நம் சொல் கேட்காது. ரேகை குறுக்கும் நெடுக்குமாக ஓடும், டிரில்லின் பிட்டு அந்த ரேகையோடு நழுவிப் போகும். அளவு பார்க்க நீங்கள்தான் வழி கண்டுபிடித்தீர்கள். இரண்டு துளையிலும் நீளமான சைக்கிள் சக்கரக் கம்பியைச் சொருகி, இடது பக்கம் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பாவு நூலை ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவீர்கள். அந்த நூல் வளையத்தை அப்படியே கழற்றி வலது பக்கம் மாட்டுவீர்கள். தொய்ந்தாலும் தப்பு, ஏறாமல் இறுக்கினாலும் தப்பு. நெசவு ஊரில் நூலுக்கா பஞ்சம்? உங்கள் இடுப்பில் எப்போதும் ஒரு கண்டு நூல் இருக்கும்.

நமக்கு அவகாசம் இல்லை என்பதுதான் அப்போது இருந்த பயம். பருத்தி மூட்டை அடுக்க இடம் வேண்டும் என்று கமிஷன் கடைக்காரர் ஒருவர் அத்தானைக் கேட்டுக்கொண்டே இருந்தார். உங்கள் வீட்டுக்காரரைத் தப்பு சொல்லவில்லை, அவருக்குக் கொட்டகை சும்மா கிடப்பதுபோலத்தான் தெரிந்தது. "மதுரைக்காரரு வந்து பாக்கட்டும். அவரு வேணாம்னுட்டா மறுநாளே மூட்டை எறங்கும். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார். நீங்கள் அவர் முன்னால் தலையை ஆட்டினீர்கள். அவர் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "இங்கன வந்து நின்னாத்தான் எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கு. இது போச்சுன்னா நான் என்ன செய்வேன்னு தெரியல." எனக்கும் அதே நிலைதான். ஆனால் நீங்கள் அப்படி வாய்விட்டுச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்றிலிருந்து அந்தக் கொட்டகையை விடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

மூன்று கட்டைகளை இழைத்து மட்டம் பார்த்து வைத்திருந்தோம். அவற்றில் ஒன்று அருமையாக அமைந்தது. அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். நீளப் பலகையைச் சாய்த்து வைத்து, அது முடிகிற இடத்திலிருந்து பின்சுவர் வரை தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு, கோடு முடிகிற இடத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தோம். மாலை முழுக்க விட்டுப் பார்த்தோம். சிவப்பு வண்டி ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு நடுவிலேயே ஓடிப் போய்ச் சாக்கில் முட்டியது. நீங்கள் அதைக் கையில் எடுத்து முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தீர்கள்.

மறுநாள் காலை மதுரைக்காரர் வருகிற நாள். என் வீட்டுக்காரர் சரக்கு எடுக்க விருதுநகர் போயிருந்தார். அத்தான் கடையில். நான் எதற்கும் ஒரு தடவை விட்டுப் பார்ப்போம் என்று சிவப்பு வண்டியைப் பலகையில் வைத்துக் கையை எடுத்தேன். அது இறங்கியதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், கோட்டைத் தாண்டி, பெயிண்ட் டப்பாவில் மோதிக் கவிழ்ந்தது. நான் ஏதோ கோணலாக வைத்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி விட்டேன். மறுபடியும் அதே டப்பா. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் முன் அச்சுக் கம்பி வளைந்திருந்தது. துளையின் வாய் ஒரு பக்கம் பிளந்து ஈரமாக இருந்தது. சக்கரத்தில் ஒரு எலுமிச்சை விதை ஒட்டியிருந்தது.

வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தபோது அதற்குப் பழம் வைத்தீர்கள். கிரைண்டருக்கு வைத்தீர்கள். தையல் மெஷினுக்கு வைத்தீர்கள். அதையெல்லாம் நான் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். இதற்கும் வைப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, இந்த வண்டிய என்ன செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யலையே. காலையில சாமி கும்பிட்டுட்டு நாலு சக்கரத்துக்கும் நாலு பழம் வச்சேன். இத்தன நாளு யாரு யாரோ வந்து பாத்துட்டுப் போயிருக்காக. கண்ணு பட்டிருக்கும்ல."

"வச்சு?"

"பழம் நசுங்க மாட்டேன்னுருச்சு. அதான் மேல கைய வச்சு நல்லா அமுக்குனேன்."

எனக்கு மண்டைக்குள் சூடு ஏறிவிட்டது. "லாரிக்கு வைக்கிற பழத்த உள்ளங்கை வண்டிக்கு வச்சு அமுக்குவாகளா யாராச்சும்? கொஞ்சமாச்சும் யோசிச்சீகளா? ஒங்க கையாலயே கெடுத்து வச்சிருக்கீக" என்று கத்தினேன். இன்னும் சொன்னேன். சொன்னதற்காக இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை அக்கா. எந்தக் கோயிலில் நிறுத்தி என்னைக் கேட்டாலும் நீங்கள் செய்தது தப்புதான் என்பேன். சிவப்பு வண்டியைக் கையில் வாங்கி அந்தப் பிளந்த துளையை விரலால் தடவிக்கொண்டே நின்றீர்கள். "நசுங்குனாத்தான் கண்ணேறு போகும்னு..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டீர்கள்.

அப்போது அத்தான் கடையிலிருந்து குரல் கொடுத்தார். மதுரைக்காரர் போன் செய்தாராம், காரியாபட்டி தாண்டிவிட்டாராம். காரில் வருகிறவருக்கு அங்கிருந்து நம் கடைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? இன்னும் இரண்டு கட்டை இருக்கிறது, மெஷினில் வைத்து இறக்கினால் சமாளித்துவிடலாம் என்று நான் கட்டையை எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். மெஷின் அசையவில்லை. மேலே பார்த்தால் காற்றாடி மெல்ல நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள். ஊர் முழுக்கத் தறிச் சத்தம் அடங்கிவிட்டது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான், அப்படி ஒரு அமைதியில் எனக்கு அவ்வளவு பயம் வந்தது அன்றுதான்.

நீங்கள் கடைக்குப் போனீர்கள். பரணிலிருந்து கையால் சுற்றுகிற ஹேண்ட் டிரில்லை எடுத்து வந்தீர்கள். யாரும் வாங்காமல் கிரீஸ் தடவின தாளோடு அத்தனை வருடம் கிடந்தது. நான் அதைப் பிடுங்கி, கட்டையை வைஸில் இறுக்கி, பிட்டை வைத்தேன். ஆணியால் குத்தி வைத்த புள்ளியிலேயே பிட்டு நிற்கவில்லை.

"ஒன் கை ஆடுது. இங்க குடு" என்றீர்கள்.

"நீங்க இன்னக்கி எதையும் தொட வேணாம்."

"குடுங்கிறேன்ல. நீ அந்தப் பக்கம் நில்லு. நான் சுத்துறப்ப எனக்கு இடமும் வலமும்தான் தெரியும். எம் பக்கமா சாயுதா, அந்தாண்ட சாயுதான்னு எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்."

"எனக்கு வாயத் தொறந்தா வசவுதான் வருது" என்றேன்.

அப்போது நீங்கள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. "கோவத்த அப்புறம் வச்சுக்கலாம். எங்கயும் போயிராது. இப்ப சாயுதா இல்லையா, அத மட்டும் சொல்லு."

மூலைமட்டத்தைக் கட்டை மேல் பிட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் குந்தினேன். ஜன்னல் பக்கம் பூரா சரக்குப் பெட்டி. வாசலிலிருந்து வருகிற வெளிச்சம் ஒன்றுதான். நீங்கள் இடது கையால் பிடியை அமுக்கி, வலது கையால் சுற்ற ஆரம்பித்தீர்கள். முறுக்கு உழக்கை வருடக்கணக்காகத் திருகின கை அது, அமுக்கம் கூடாமல் குறையாமல் இறங்கியது. "உங்க பக்கம்" என்பேன். மயிரிழை நிமிர்த்துவீர்கள். "சரி" என்பேன். கொஞ்சம் இறங்கியதும் பிட்டை வெளியே எடுத்துத் தூளை ஊதுவீர்கள், மறுபடி விடுவீர்கள். முன் துளை நன்றாக வந்தது. பின் துளையில், முக்கால்வாசி போன பிறகு ரேகை பிட்டை இழுத்துக்கொண்டது. நான் "அந்தாண்ட" என்று சொல்லி முடிக்கும் முன் அது மறுபக்கம் வந்துவிட்டது. கம்பியைச் சொருகி நூலை மாற்றி மாட்டினோம். வளையம் தொளதொளவென்று தொங்கியது. அந்தக் கட்டையை நீங்கள் காலால் ஓரமாகத் தள்ளினீர்கள்.

மிச்சம் ஒரே கட்டை. அதை வைஸில் இறுக்குவதற்கு முன் நீங்கள் திருப்பித் திருப்பி ரேகையைப் பார்த்தீர்கள். "இந்தத் தடவ தல கீழா வைப்போம். இழுத்தாலும் ஆரம்பத்துல இழுக்கட்டும், அப்பன்னா திருத்திரலாம்" என்றீர்கள். எனக்கு அந்த யோசனை வரவில்லை. கோபத்தில் இருந்ததால் நல்ல யோசனை என்று அப்போது சொல்லவும் இல்லை. உங்கள் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. துடைக்கக் கை ஒழியவில்லை. நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன். கோபம் இருந்தது, துடைக்கவும் செய்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முன் துளை முடிந்தது. பின் துளை பாதி இறங்கியிருந்தது. திடீரென்று கொட்டகை இருட்டிவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு அத்தான் நின்றார், பக்கத்தில் மதுரைக்காரர். இருவரும் வெளிச்சத்தை முழுங்கிவிட்டார்கள். மூலைமட்டமும் தெரியவில்லை, பிட்டும் தெரியவில்லை.

"கரண்டு இல்லாத நேரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருக்கீக? இன்னொரு நாளு வரச் சொல்லிருவோம்" என்றார் அத்தான்.

"சாயுதா?" என்று நீங்கள் கேட்டீர்கள். கையை நிறுத்தவில்லை. ரேகை இழுக்கிற இடத்தில் பிட்டு இருந்தது, அங்கே நிறுத்தி எடுத்தால் துளை கோணிவிடும் என்று இருவருக்கும் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "சாயுதா, சொல்லு" என்று மறுபடி கேட்டீர்கள்.

"வாசல விட்டுத் தள்ளுங்க அத்தான்" என்றேன்.

அதுவரை நான் அவரிடம் நிமிர்ந்து நின்று ஒரு வார்த்தை பேசினதில்லை. சாப்பிட வாங்க என்பதைக்கூட உங்களிடம் சொல்லி, நீங்கள் அவரிடம் சொல்வதுதான் வழக்கம். என் குரல் கடை வரைக்கும் போயிருக்கும். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு எட்டு விலகி நிலைக்கட்டையில் ஒட்டிக்கொண்டு நின்றார். மதுரைக்காரரும் விலகினார். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"உங்க பக்கம். ரொம்ப இல்ல. கொஞ்சம். சரி. சரி. சரி." பிட்டின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. நீங்கள் கையை எடுத்தபோது உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருந்தது.

நூலை இடது பக்கம் கட்டி, கழற்றி, வலது பக்கம் மாட்டினீர்கள். அது தொய்யவும் இல்லை, இறுக்கவும் இல்லை. பெயிண்ட் இல்லை, உருவம் செதுக்கவில்லை. செங்கல் மாதிரி இருந்த கட்டையில் சக்கரத்தை மாட்டி, அதைப் பலகை உச்சியில் வைத்தேன். "நீ விடு" என்றீர்கள். கையை எடுத்தேன்.

அது இறங்கியது. நடுவில் ஓடியது. பாதித் தூரத்தில் இடது கோட்டை நோக்கி ஒதுங்குவதுபோல் தெரிந்தது. நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆனால் அது கோட்டைத் தாண்டவில்லை. அப்படியே போய்ச் சாக்கில் முட்டி நின்றது. மதுரைக்காரர் அதை எடுத்து வந்து தானே விட்டார். மறுபடியும் சாக்கு. முன்னும் பின்னும் திருப்பி வைத்து விட்டார். அப்போதும் சாக்குதான்.

அப்புறம் மேசை மேல் இருந்த சிவப்பு வண்டியை எடுத்துப் பார்த்தார். "இது அழகா இருக்கே. இத ஏன் விடல?"

நான் ஏதாவது சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். "அது நல்லாத்தான் ஓடுச்சு சார். நான் எலுமிச்சம்பழம் வச்சுக் கெடுத்துட்டேன்."

அவர் உங்களைப் பார்த்தார், வளைந்த அச்சைப் பார்த்தார். "நானும் போன வாரம் புதுக் காருக்கு வச்சேன். அதுலதான் இப்ப வந்தேன்" என்றார். அத்தான் சிரித்துவிட்டார். நீங்களும் சிரித்தீர்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஆர்டர் நமக்கு வந்தது. பருத்தி மூட்டைக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லி அத்தானே கமிஷன் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் கரண்டு வந்து, ஊரில் தறிகள் எல்லாம் மறுபடி கத்த ஆரம்பித்த பிறகு, நீங்கள் என் முன்னால் வந்து நின்றீர்கள். "இப்ப வைய்யி. யாருமில்ல" என்றீர்கள். எனக்கு உண்மையில் கோபம் தீரவில்லை. ஆனால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் காது அடைத்துக்கொண்டு வந்தது. "மொதல்ல சோத்தப் போடுங்க. அப்புறம் வைறேன்" என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. குழம்பில் உப்புக் கூடினால், "அந்தச் சண்டையோட இதையும் சேத்துக்க" என்பீர்கள். நான் பிட்டை ஒடித்தால், "ஒனக்கும் எனக்கும் சரியாப் போச்சா?" என்று கேட்பீர்கள். "அது வேற, இது வேற" என்பேன். வருடங்கள் அப்படியே ஓடிவிட்டன. பட்டறையில் வேலைப் பலகையும் கூடியது, ஆளும் கூடியது. நீங்கள் சுற்ற, நான் பக்கவாட்டில் நின்று பார்க்க, எத்தனை கட்டைகள் போயின என்று யார் கண்டது?

உங்கள் வயிற்றில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டீர்கள். குரல் ரொம்ப இறங்கிப்போயிருந்தது. "இந்தா, அந்த எலுமிச்சம்பழச் சண்டையப் போட்டுரு. பாக்கி வைக்காத" என்றீர்கள்.

"ஊருக்கு வாங்க. பட்டறையில வச்சுத்தான் வைவேன். இங்கன நர்ஸம்மா இருக்காக" என்றேன்.

"வாரேன்" என்றீர்கள்.

அதை நான் நம்பினேன். வேறு என்ன செய்ய? வீட்டை ஒழுங்குபடுத்தி வைக்கிறேன் என்று சொல்லி மறுநாள் நான் முன்னால் கிளம்பி வந்தேன். அதற்கடுத்த நாள் காலை அத்தான் போன் செய்தார். அழுகை இல்லை, குரலே இல்லை. "காரியாபட்டி தாண்டிட்டோம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது. முன்பொரு நாள் அதே வார்த்தையைக் கேட்டு நாம் அப்படிப் பறந்தோமே, அன்று எனக்கு ஓடுவதற்கு எந்த வேலையும் இல்லை. கூடத்தில் கிடந்த சாமான்களை ஒதுக்கி, நீங்கள் கடைசியாக வந்து படுக்க இடம் செய்தேன்.

இப்போதும் அத்தான் தினமும் ஒரு தடவை பட்டறைப் பக்கம் வருகிறார். உள்ளே வருவதில்லை. வாசலில் நேராகவும் நிற்பதில்லை. நிலைக்கட்டையில் ஒட்டி ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார். இப்போது உள்ளே விளக்குக்குக் குறைவில்லை, கரண்டு போனால் பேட்டரி இருக்கிறது. அவர் வாசலை அடைத்து நின்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனாலும் ஓரமாகத்தான் நிற்கிறார்.

இன்றைக்குப் புது மெஷினில் முதல் கட்டையை வைத்தேன். அது தானாக நேராக இறங்குகிற மெஷின், பக்கத்தில் யாரும் நின்று பார்க்கத் தேவையில்லை. நான் செல்வியைக் கூப்பிட்டுப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னேன். "மெஷினு நேராத்தான எறங்குதுக்கா. நான் எதுக்கு?" என்றாள். எரிச்சல் வந்துவிட்டது. சொன்னதைச் செய் என்று கத்தினேன். அவள் முகம் சுருங்கியது. உடனே, "அப்புறம் கோவிச்சுக்க. இப்ப சாயுதான்னு மட்டும் சொல்லு" என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். "சாயலக்கா" என்றாள். அது உங்கள் வார்த்தை அக்கா, என் வாயில் வந்துவிட்டது.

சிவப்பு வண்டி சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அச்சை மாற்றித் துளையை அடைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் பல தடவை சொல்லிவிட்டார். தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாதபோது அதைக் கூடத்தில் விட்டுப் பார்ப்பேன். இப்போதும் இடது பக்கம்தான் இழுக்கிறது.

லாரிக்கு வைக்கிற பழத்தை உள்ளங்கை வண்டிக்கு வைத்து அமுக்கினீர்களே அக்கா. அதைப் பற்றி நான் உங்களை வைய வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. ஒரு வார்த்தைகூடக் குறையாமல் வைத்திருக்கிறேன். என் கோபத்துக்குத் தப்பினவர்கள் இந்த வீட்டில் யாரும் இல்லை. செல்வியை வைகிறேன், அத்தானைக்கூட இப்போதெல்லாம் வைகிறேன். ஆனால் இந்தக் கோபத்தை எடுத்து வேறு யார் மேலும் காட்டினதில்லை. வாரேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். பட்டறையில் வைத்துத்தான் வைவேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.